இரண்டு குவியல், ஒரு கூடை

அத்தியாயம் 17

அப்பா சாப்பாட்டு மேசையில் தட்டின் மேலேயே சரிந்து விழுந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். பயப்பட வேண்டாம், பிழைத்துக்கொண்டார். ஆனால் பிழைத்ததற்குச் சந்தோஷப்படுகிற நிலையில் அந்த வீட்டில் யாரும் இல்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், மகளையும் மகனையும் எதிரே உட்காரவைத்து முதலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வீட்டுக்குள்ள அடுப்பு எரியுதா?"

எரிந்தது. கூடத்து மூலையில், கண்ணாடிக் கதவு வைத்த இரும்புக் கணப்பு. விறகும் போடலாம், கரியும் போடலாம் என்று சொல்லி விற்றது. குளிர் ஐந்து மாதம் படுத்துக்கொள்கிற ஊரில் அந்த வீட்டுக்கு வேறு சூடு கிடையாது.

"கெட்ட வாயு உடம்புல ஏறியிருக்கு. நாத்தமும் இருக்காது, கண்ணுக்கும் தெரியாது. புகைக்குழாயை ஆள் வந்து பார்க்கிற வரைக்கும் அடுப்பைத் தொடாதீங்க. தலைவலி, குமட்டல், தூக்கம்னு முன்னாடியே யாராவது சொல்லியிருப்பீங்களே?"

சொன்னது அம்மா. "தலை இடிக்குது. கடைக்குப் போனா சரியாயிடுது. வீட்டுக்குள்ள நுழைஞ்சா மறுபடி இடிக்குது" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். "வீட்டு வேலைன்னா எல்லாருக்கும் தலை இடிக்கத்தாம்மா செய்யும்" என்று மகள் கேலி செய்தாள். எல்லாரும் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தாள். அதற்குப் பதினோராம் நாள் மத்தியானம், அந்தக் கணப்புக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தபடியே அம்மா போய்விட்டாள். இதயம் பலவீனம் என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மாதமாகிறது.

அக்காவும் தம்பியும் எழுந்து வெளியே வந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆளுக்கொரு தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேர் மனசிலும் ஒரே கேள்விதான். அம்மாவைக் கொண்டுபோனது அவனுடைய விறகா, இவளுடைய கரியா?

நான்காம் நாள் காலையில் வீடு ஐஸ் பெட்டியாக இருந்தது. வீட்டுக்கு வந்துவிட்ட அப்பா மூன்று போர்வைக்குள் கிடந்தார். தம்பி பஸ் டிரைவர். விடிவதற்கு முன்பே கிளம்பியவன், வழக்கம்போல அப்பாவிடம்தான் சொல்லிவிட்டுப் போனான்.

"அப்பா, அக்காகிட்ட சொல்லிடுங்க. குழாய் பார்க்க இன்னைக்கு ஆள் வருது. என்ன சொல்றாங்களோ அதை அப்படியே எனக்குச் சொல்லணும். மறைக்கக் கூடாது."

அக்கா அடுத்த அறையில், கை எட்டும் தூரத்தில், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"மறைக்கிற பழக்கம் எனக்கில்லைன்னு அவன்கிட்ட சொல்லிடுங்கப்பா" என்றாள்.

அப்பா போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

இந்தப் பேச்சுவார்த்தை இல்லாத நிலைமை அம்மா இருக்கும்போதே ஆரம்பித்தது. கணப்பு வாங்கி மூன்று வருஷம். முதல் இரண்டு வருஷமும் விறகு மட்டும்தான். தம்பி ஓட்டுகிற தடத்தில் ஒரு மரக்கடை இருக்கிறது. அங்கே பிளந்த கட்டைகளை அள்ளி வருவான். அம்மாவுக்குக் கண்ணாடி வழியாகத் தீ ஆடுவதைப் பார்க்கப் பிடிக்கும்.

இந்த வருஷம் அம்மாவின் முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. மணிக்கொரு தரம் குனிந்து கட்டை போட முடியவில்லை. அக்கா சீருடை தைக்கிற பட்டறையில் தையற்காரி. அங்கே யாரோ சொல்லி, புகையில்லாக் கரி மூட்டையை வீட்டில் இறக்கினாள். ஒரு தடவை போட்டால் ஆறு மணி நேரம் சூடு நிற்கும், அம்மா குனிய வேண்டாம்.

"கரியைப் போட்டா அது வீடா, ரயில் இன்ஜினா?" என்றான் தம்பி.

"நீ குனிஞ்சு போடு, அப்போ தெரியும்" என்றாள் அக்கா.

அம்மாவுக்காகத்தான் இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். அம்மாவை மட்டும் யாரும் கேட்கவில்லை. கடைசியில் அப்பா தீர்ப்புச் சொன்னார். ஒரு வாரம் விறகு, ஒரு வாரம் கரி. அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவர் அல்லவா, அதை மணிமணியான எழுத்தில் எழுதிக் கொட்டகைக் கதவில் ஒட்டியும் வைத்தார். கொட்டகையில் இடப்பக்கம் விறகுக் குவியல், வலப்பக்கம் கரிக் குவியல். நடுவில் எல்லைக்கோடு போடாததுதான் பாக்கி.

குழாய் துடைக்கிறவள் ஒன்பது மணிக்கு வந்தாள். அக்காவைவிட நாலைந்து வயது கூட இருக்கும். முகம் துடைத்து வைத்த மாதிரி சுத்தம், விரல் நகம் மட்டும் ஜென்மத்துக்கும் வெளுக்காத கறுப்பு. கணப்பின் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, மோந்து பார்த்தாள்.

"போன வருஷம் குளிர் முடிஞ்சதும் நான்தானே துடைச்சேன்? அப்போ உள்ளே போட்டிருந்த எஃகுத் தகடு பளபளன்னு இருந்துது."

"ஆமாக்கா. நீங்கதான்."

வளையும் கம்பியின் நுனியில் ஒரு சின்னக் கேமராவைக் கட்டிக் குழாய்க்குள் ஏற்றினாள். கையில் இருந்த திரையை அக்காவின் பக்கம் திருப்பினாள். அக்காவுக்குக் குழாயைப் பற்றித் தெரியாது, துணியைப் பற்றித் தெரியும். பூச்சி அரித்த கம்பளி மாதிரி இருந்தது. அங்கங்கே ஓட்டை, ஓட்டையைச் சுற்றி நைந்த விளிம்பு.

குழாய் வளைகிற இடத்தில் கையை விட்டுக் கோரினாள் துடைக்க வந்தவள். செதில் செதிலாகத் துருவும் மசியும் அரை வாளி வந்தது.

"இதுதான் அடைச்சிட்டிருந்தது. புகை மேலே போக வழியில்லை. வந்த வழியே வீட்டுக்குள்ளேயே திரும்பியிருக்கு. ஏம்மா, என்ன எரிச்சீங்க?"

"ஒரு வாரம் விறகு. ஒரு வாரம் கரி."

"சேர்த்தா?"

"இல்லைக்கா. தனித்தனி வாரம். கதவுலயே எழுதி ஒட்டியிருக்கு."

அவள் சாம்பல் தட்டை வெளியே இழுத்தாள். அப்பா விழுந்த அன்றைக்கு இருந்த சாம்பல், அப்படியே கிடந்தது. கறுப்பு நகத்தால் கிளறி இரண்டு துண்டை எடுத்துத் தரையில் வைத்தாள். ஒன்று பாதி வெந்த விறகு. இன்னொன்று உருகி இறுகின கரிக்கட்டி. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"ஒரே நாள் சாம்பல்ல ரெண்டும் இருக்கு. கதவுல என்ன வேணா எழுதுங்க, அடுப்புக்குப் படிக்கத் தெரியாது" என்றாள்.

பிறகு கொட்டகையைப் பார்க்க வேண்டும் என்றாள். கரியை ஒரு கை அள்ளிப் பார்த்து, குறை சொல்ல ஒன்றுமில்லை என்றாள். விறகுப் பக்கம் ஆணியில் தம்பி வாங்கி மாட்டியிருந்த, கட்டையில் நூற்றுக்கு எவ்வளவு ஈரம் என்று காட்டுகிற ஈரமானி தொங்கியது. அதை எடுத்து ஒரு கட்டையின் நுனியில் குத்தினாள். பதினேழு.

"பதினேழுன்னா நல்லதுன்னு என் தம்பி சொல்லுவான்."

"இருபதுக்குக் கீழே இருந்தா நல்லதுதான். நுனியில குத்தினா எல்லாக் கட்டையும் நல்ல கட்டைதான்." கோடாலியை எடுத்து ஒரே போடில் பிளந்தாள். புதிதாகத் திறந்த வயிற்றில் குத்தினாள். முப்பத்துநான்கு.

அக்கா அந்த எண்ணையே பார்த்தாள். சண்டை ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி ஓர் எண்ணுக்குத்தான் அவள் தவம் கிடந்தாள். சாயங்காலம் அவன் வந்ததும் கட்டையையும் மானியையும் மூஞ்சிக்கு நேரே நீட்டலாம். பார்த்துக்கோடா, உன் விறகு! வெட்கம்தான், அம்மா போன வீட்டில் நெஞ்சுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது.

"அப்போ விறகாலதான் இப்படி ஆச்சா?"

"விறகு மட்டும்னா தார் பிடிச்சிருக்கும். பேஜார்தான், ஆனா நான் வந்து சுரண்டி எடுத்திருப்பேன். கரி மட்டும்னா இதுவும் இல்லை. இது ரெண்டும் ஒண்ணா எரிஞ்ச வேலை. கரியில இருக்கிற கந்தகமும் விறகோட ஈரமும் சேர்ந்தா அமிலம். அதுதான் தகட்டைத் தின்னிருக்கு. அதுவும் ஒருநாள் ரெண்டுநாள் இல்லை, குளிர்காலம் பூரா." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "இந்த அடுப்பு எதையும் எரிக்கும்மா. விறகுன்னா சாம்பல் மெத்தை மேல போட்டு, மேல்காத்துத் துவாரத்தைத் திறக்கணும். கரின்னா சாம்பலைத் தட்டிட்டு, கீழ்க்காத்துத் துவாரத்தைத் திறக்கணும். ரெண்டுல எதுன்னு ஒண்ணை முடிவு பண்ணிக்கணும், அவ்வளவுதான். பகல்ல யாரு அடுப்பைப் பார்த்துக்கறது?"

"முன்னாடி அம்மா. இப்போ அப்பா."

அவள் கேமராக் கம்பியைச் சுருட்டிக் கட்டினாள். புதுத் தகடு போட ஆளோடு மூன்று நாளில் வருவதாகவும், அதற்குள் எந்த எரிபொருள் என்று வீட்டில் முடிவு செய்து வைக்கும்படியும் சொல்லிவிட்டுப் போனாள். அக்கா அப்பாவின் கட்டிலருகே போய் நின்றாள்.

"அப்பா, நாங்க வேலைக்குப் போனப்புறம் அடுப்புல என்ன போடுவீங்க?"

"உங்கம்மா என்ன போட்டாளோ அதைத்தான்" என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "எப்போ பத்தவெப்பீங்க? கால் விறைக்குது."

அம்மா என்ன போட்டாள்? அக்கா மறுபடி கொட்டகைக்குப் போனாள். பாதி விஷயம் அவளுக்கு முன்பே தெரியும்.

விறகு வாரத்தில் அவள் வேலை முடிந்து வந்தால் அம்மா சமையலறைக்குக் கூப்பிடுவாள். "இன்னைக்கு உன் கரிதான் போட்டேன். சூடு என்னமா நிக்குது! அவன்கிட்ட சொல்லிடாதே, மூஞ்சியைத் தூக்கிக்குவான்" என்பாள். அக்காவுக்கு அது தேனாக இனித்தது. அம்மா என் பக்கம் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். தீ அடங்கி, சாம்பலையும் அள்ளிக் கொட்டின பிறகுதான் பிள்ளைகள் இருவருமே வீடு திரும்புவார்கள், உள்ளே என்ன எரிந்தது என்று பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

கதவுக்குப் பின்னால், சாக்கு போட்டு மூடி, அம்மாவின் பிரம்புக்கூடை இருந்தது. சாக்கை விலக்கினாள். கீழே மூன்று கட்டை. அதன் மேல் பழைய துணி விரித்து இரண்டு அள்ளு கரி. அதன் மேல் மறுபடி மூன்று கட்டை, மறுபடி கரி. மடித்த துணிகளை அலமாரியில் அடுக்குவது போல அம்மா அடுக்கியிருந்தாள். மறுநாளைக்கென்று முதல்நாளே அடுக்கி வைப்பது அவள் வழக்கம். அந்த மறுநாள் அவளுக்கு வரவில்லை.

அக்கா கரி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாம் விளங்கிவிட்டது. சாயங்காலம் மகன் வந்து இடப்பக்கக் குவியலைப் பார்ப்பான். மகள் வந்து வலப்பக்கக் குவியலைப் பார்ப்பாள். எந்தக் குவியல் குறையவில்லையோ அந்த முகம் தொங்கிப் போகும். அம்மா அந்த இரண்டு முகத்தையும் தினமும் பார்த்தாள். அதனால் இரண்டிலும் சமமாக எடுத்தாள். வாரமாவது, கதவிலிருந்த காகிதமாவது! பிள்ளைகள் மனசு கோணக்கூடாது என்று மூன்று கட்டை, இரண்டு அள்ளு, மூன்று கட்டை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தலை இடிக்க இடிக்க.

அக்கா வாய்விட்டு அழுதாள். அடுத்த அறையில் அப்பா இருக்கிறாரே என்று இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது.

அழுது முடித்ததும் எழுந்தாள். இதைத் தம்பி பார்க்கக் கூடாது. அப்பா கூடாதே கூடாது. என் பிள்ளைகளின் சண்டைக்கு நடுவே என் பெண்டாட்டி தன் கையாலேயே விஷத்தை அடுக்கிப் போட்டுக்கொண்டாள் என்று அந்த மனுஷர் தெரிந்துகொண்டு எப்படி மிச்ச நாளை ஓட்டுவார்? தம்பிக்குத் தெரிந்தால் அவன் விறகையே தொடமாட்டான், சோற்றையும் தொடமாட்டான்.

ஒவ்வொரு கட்டையாக எடுத்து இடப்பக்கக் குவியலில் வைத்தாள். கரியைக் கையாலேயே அள்ளி வலப்பக்கம் போட்டாள். கடைசிக் கட்டையில் ஒரு சிராய் உள்ளங்கையில் ஏறியது, பிடுங்கக்கூட இல்லை. அம்மா கடைசியாகச் செய்த வேலையை மகள் கலைத்தாள். துணியை உதறி மடித்து ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டாள். பிளந்த கட்டையை, அந்த முப்பத்துநான்கை, குவியலுக்கு அடியில் செருகினாள்.

தம்பி நாலரை மணிக்கு வந்தான். பொழுது மங்கத் தொடங்கியிருந்தது. காக்கி உடுப்பைக்கூட மாற்றவில்லை. கூடத்தில் நின்று, எத்தனையோ நாளைக்குப் பிறகு முதல் தடவையாக நேரடியாகவே கேட்டான்.

"என்ன சொன்னாங்க?"

"குழாய்த் தகடு ஓட்டையாயிடுச்சு. அடைச்சுக்கிட்டு, புகை உள்ளேயே திரும்பியிருக்கு."

"எதனால?"

அக்கா கணப்பின் மூடின கதவைப் பார்த்தாள்.

"கரியாலதான். என் கரியால."

அவன் எதிர்பார்த்த சண்டை இது இல்லை. அம்மாவின் நாற்காலியில் உட்காரப் போய், உட்காராமல் நின்றான்.

"நிஜமாவா சொல்றே?"

"கரியில கந்தகம் இருக்காம். அதுதான் தகட்டைத் தின்னுடுச்சாம். இனிமே கரி வேண்டாம். நாளைக்கே எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடறேன். நீ விறகே போடு. ஆனா வெயில்ல நல்லாக் காய வெச்சுப் போடு, பிளந்து உள்ளே குத்திப் பாரு. அதை மட்டும் செய்."

"நான் அன்னைக்கே சொன்னேனே" என்று ஆரம்பித்தான். "அன்னைக்கே சொன்னேனேக்கா, கரி வேண்டாம்னு. கேட்டியா நீ? அம்மா..."

"கேட்கலைடா. என் தப்புதான்."

அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ஜெயித்தவன் அழுகிற அழுகையாக அது இல்லை. அவன் தோளைத் தொடலாமா என்று அக்கா கையை நீட்டினாள். கையெல்லாம் கரி என்று பார்த்து மடக்கிக்கொண்டாள்.

அப்போது பின்கதவு கிறீச்சிட்டது. போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு அப்பா வந்தார். எப்போது எழுந்தார், எப்போது கொட்டகைக்குப் போனார் என்று இருவருக்குமே தெரியவில்லை. கையில் பிரம்புக்கூடை, காலியாக இருந்தது.

"இதை யாரு கலைச்சது?"

அக்கா கூடையை வாங்கக் கை நீட்டினாள்.

"கேட்கறேன்ல? சாக்கு போட்டு மூடி வெச்சிருந்தேனே. அவ கடைசியா அடுக்கினது." அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "எனக்கு அடுப்பு வேலை தெரியுமா? இதைப் பார்த்துத்தான் தினமும் என் தகரவாளியை அடுக்குவேன். மூணு கட்டை, ரெண்டு அள்ளு கரி, மறுபடி மூணு கட்டை. மூலத்துல எப்படி இருக்கோ அப்படியே. ஒரு கட்டைகூட மாத்திப் போட்டதில்லை."

தம்பி முகத்திலிருந்து கையை எடுத்தான்.

"ரெண்டும் சேர்த்தாப்பா? எந்த வாரம்?"

"எந்த வாரம் என்னடா? எல்லா வாரமும்தான். அவ இருந்தப்பவும் அப்படித்தான், நான் பார்த்துட்டுதானே இருந்தேன்."

தம்பி மெதுவாக அக்காவின் பக்கம் திரும்பினான். அவள் கையைப் பார்த்தான். விரலெல்லாம் கரி, உள்ளங்கையில் ஏறின சிராயைச் சுற்றிக் கொஞ்சம் ரத்தம். கூடையைக் கலைத்தது யார், எதை மறைக்க என்று அவனுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. அவனுக்கும் பாதி விஷயம் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

"அக்கா" என்றான் மிகச் சின்னக் குரலில். "கரி வாரத்துல நான் வந்தா, இன்னைக்கு உன் விறகுதான்டா போட்டேன், அக்காகிட்ட சொல்லிடாதேன்னு அம்மா சொல்லுவாங்க. நான் வேற அதைக் கேட்டு..."

"தெரியும்டா" என்றாள் அக்கா. "என்கிட்டயும்தான்."

கூடத்தில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. விளக்கைப் போட யாருக்கும் தோன்றவில்லை. அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள், கரியோடேயே.

அப்பா காலிக் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன், அவ அடுக்கினதுல என்ன தப்பு?" என்று கேட்டார்.